பெட்டகத்தின் சாவி: வளைகுடாத் தொழிற்களங்களிற் கிறிஸ்தவ அன்பு

சார்ஜாவிலிருந்து எனது பழைய மாணவி ஒருத்தி இடைக்கிடை தொலைபேசியில் அழைப்பது வழக்கம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவள். அலுவலகங்களுக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் துப்புரவுப் பணியாளரை அனுப்பிவைக்கும் ஒரு கம்பெனியிலே கணக்கெழுதுகிறாள். முதலாளி தமிழர், அவரும் கிறிஸ்தவர். சென்ற கோடையில் ஓரிரவு அழைத்தவள், நலம் விசாரித்து முடிந்த பின்னும் தொலைபேசியை வைக்காமல் தயங்கினாள். பிறகு கேட்டாள்:

"சேர், 43 பேருடைய பாஸ்போட் என்ரை மேசைக்குப் பின்னாலை இருக்கிற பெட்டகத்துக்குள்ளை கிடக்குது. சாவி என்னட்டைத்தான். இதை நான் வைச்சிருக்கிறது பாவமோ?"

பொருளியல் வரலாறு கற்பித்தவனிடம் கேட்கும் கேள்வியன்று இது. அதிலும் நான் சைவ வீட்டுப் பிள்ளை. பாவசங்கீர்த்தனம் கேட்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. "உங்களுடைய சுவாமியாரைக் கேட்டிருக்கலாமே" என்றேன். "சுவாமியிட்டைக் கேட்டா முதலாளிக்குத் தெரிஞ்சிடும் சேர். அவர் முன் வாங்கிலை இருக்கிறவர்" என்றாள்.

அந்த முதலாளி கெட்டவரல்லர். நத்தாருக்கு எல்லாத் தொழிலாளருக்கும் இனமத பேதமின்றி உணவுப் பொதி கொடுப்பவர். ஒருவனுக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தபோது தன் கைப்பணத்தைச் செலவிட்டவர். ஊரிலே தேவாலயக் கூரைக்குப் பணம் அனுப்பியவர். கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்திருப்பதற்கு அவர் கூறும் காரணமும் வன்மமானதன்று: முகாமிலே ஓர் அறைக்கு எட்டுப் பேர்; களவு போய்விடும்; பிறகு தூதரகத்துக்கு அலைவது யார்?

ஆனாற் சட்டம் வேறு சொல்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டமும், வீட்டுப் பணியாளருக்கான 2022 ஆம் ஆண்டுச் சட்டமும், தொழிலாளியின் ஆவணங்களைத் தொழில் வழங்குநர் தடுத்து வைத்தலாகாது என்றே கூறுகின்றன. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டகத்துக்குள் இருக்கும்வரை தொழிலாளி எழுப்பும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் முன்னால் ஒரு பயம் வந்து நிற்கும். சம்பளம் ஏன் பிந்தியது என்று கேட்பதற்கு முன்னரே, ஊருக்குப் போகவேண்டி வந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் வாயை அடைத்துவிடும். நத்தார்ப் பொதியை வாங்கிய கைகளால் அந்தக் கேள்வியை எழுதிக் கொடுப்பதும் கடினம். கருணை எங்கே முடிகிறது, கடமை எங்கே தொடங்குகிறது என்ற எல்லையிலேதான் அவளுடைய சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கேள்வி வளைகுடாவிலிருந்து வந்தது தற்செயலன்று என்றே எண்ணுகிறேன். முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புதல் அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டது. வழிபாட்டுக்குத் தடையில்லை. டுபாயிற் புனித மரியாள் ஆலயம் 1967 இல் அந்நாட்டு ஆட்சியாளர் ஷேக் ராஷித் வழங்கிய நிலத்திலே எழுந்தது. தமிழிலும் அங்கே திருப்பலி நடைபெறுகிறது. 2019 பெப்ரவரியிற் பாப்பரசர் பிரான்சிஸ் அபுதாபிக்கு வந்து திறந்தவெளியிலே பெரும் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஆயினும் மதிலுக்கு வெளியே வந்துவிட்டாற் கிறிஸ்தவனுக்குப் பிரசங்க மேடை இல்லை. துண்டுப் பிரசுரம் இல்லை. அவனிடம் எஞ்சியிருப்பது அவன் செய்யும் தொழில் ஒன்றே. நம்பிக்கையைச் சொல்லிக் காட்ட முடியாத இடத்தில் அது கணக்குப் புத்தகத்திலும் சம்பள நாளிலும் மட்டுமே தெரியவரும்.

இதனை அந்த நாட்டின் வரலாறே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. அபுதாபியிலிருந்து உள்நாட்டுக்குள், ஓமான் எல்லையோரத்திலே, அல் அயின் என்றொரு பாலைவனச் சோலை உண்டு. இன்று அது பல்கலைக்கழகமும் அகன்ற வீதிகளும் கொண்ட நகரம். 1960 இல் அங்கே செல்வதற்குச் செப்பனிட்ட பாதையே கிடையாது. அபுதாபியின் எண்ணெய் முதன்முதலாகக் கப்பலேறியது 1962 இல்தான். ஆகையால் அந்நாளிற் பணமும் கிடையாது. பிறந்த பிள்ளைகளிற் பாதியும், பிரசவித்த தாய்மாரில் மூன்றில் ஒருவரும் மரித்துக்கொண்டிருந்தனர் என்று அங்கே பின்னர் எழுந்த மருத்துவமனையின் வரலாறு கூறுகிறது.

அந்தப் பகுதியை அப்போது தமையனார் ஷேக் ஷக்பூத்தின் சார்பில் நிர்வகித்து வந்தவர் ஷேக் சாயித்; பிற்காலத்தில் நாட்டின் முதலாவது ஜனாதிபதியானவர். சகோதரர் இருவரும் அமெரிக்கக் கிறிஸ்தவ மருத்துவத் தம்பதியரான பற் கென்னடியையும் மரியன் கென்னடியையும் அழைத்தனர். 1960 நவம்பரில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திறங்கிய அத்தம்பதியருக்கு ஷேக் சாயித் தம்முடைய விருந்தினர் இல்லத்தையே கொடுத்தார். மண்கட்டியாற் கட்டிய வீடு. அபுதாபி அமீரகத்தின் முதலாவது மருத்துவமனை அதுதான். இன்றைய ஜனாதிபதி ஷேக் முஹம்மது பின் சாயித் 1961 இற் பிறந்ததும் அந்த மருத்துவமனையிலேயே.

ஈராண்டு கழித்து, 1962 இல், கேர்ட்ரூட் டைக் என்ற கனேடியத் தாதி வந்து சேர்ந்தார். 38 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். அவர் மருத்துவர் அல்லர். எனினும் ஊரார் அவரை 'டொக்டரா லத்தீஃபா' என்றே அழைத்தனர். லத்தீஃபா என்றால் அரபு மொழியில் மென்மையானவள், இரக்கமுள்ளவள் என்று பொருள். ஒரு தாதிக்குப் பட்டினத்துப் பெண்களும் பதூவினப் பெண்களும் சேர்ந்து வழங்கிய பட்டம் அது. எந்தப் பல்கலைக்கழகமும் அதை வழங்க முடியாது. ஒரு பல்கலைக்கழகத்திற் பத்தாண்டுக்கு மேலாகப் பட்டங்கள் பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்.

அந்த மருத்துவமனைக்கு நெடுங்காலம் 'சோலை' என்பதே பெயர். கென்னடி என்ற பெயர் ஊரார் வாயிலே 'கனத்' என்று திரிந்து நிலைத்துவிட்டது. 2019 இல் அந்தத் திரிந்த பெயரையே அரச குடும்பம் மருத்துவமனைக்குச் சூட்டியது. மதம் மாற்றுவதைத் தடுக்கும் ஒரு முஸ்லிம் நாடு, கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் பெயரைத் தன் மக்கள் உச்சரித்த விதத்திலேயே பொறித்து வைத்திருக்கிறது. பஹ்ரேனில் 1903 இலே திறக்கப்பட்ட அமெரிக்க மிஷன் மருத்துவமனையும் இன்றுவரை இயங்கி வருகிறது.

எனினும் மருத்துவமனைக் கதையோடு நின்றுவிட்டால் நான் என் மாணவியை ஏமாற்றியவனாவேன். நோயாளியிடம் அன்பு காட்டுவது அரியதேயாயினும், அதன் வழி தெளிவானது. வியாபாரத்திலே அப்படியன்று. அங்கே எதிரில் நிற்பவன் உம்மிடம் கடன் பெறவேண்டியவன். அவனுக்கு நீர் கொடுப்பது தானமன்று, அவனுடைய பணம்.

விவிலியத்தை இலக்கியமாகவே வாசித்தவன் நான். அதிலே கூலி பற்றிய கட்டளைகள் எத்தனை கறாரானவை என்பது முதல் வாசிப்பிலேயே வியப்பளித்தது. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அறுவடை செய்தவனுக்குக் கொடாமற் பிடித்துக்கொண்ட கூலி தானே எழுந்து கூக்குரலிடும் என்று எச்சரிப்பவர் யாக்கோபு. இயேசு சொன்ன உவமையொன்று முழுக்க முழுக்க ஒரு கூலிச் சந்தையிலேதான் நடைபெறுகிறது: விடியற்காலையில் வேலைக்கு அமர்ந்தவனும், ஒருவரும் கூப்பிடாமற் சந்தையிலேயே நின்று பொழுது சாயும் வேளையில் வந்து சேர்ந்தவனும் மாலையில் ஒரே கூலி பெறுகின்றனர். முன்னே வந்தவர்கள் முணுமுணுக்கின்றனர். இதனை இறையருளின் உருவகமென்றே பிரசங்கங்கள் விளக்குகின்றன, சரியே. ஆனால் அதிகாலையில் தெருவோரம் நின்று, வாகனம் ஒன்று வந்து தன்னைச் சுட்டிக்காட்டி ஏற்றாதா என்று காத்திருந்தவனுக்கு இக்கதையில் உருவகம் குறைவு. கடைசியில் வந்தவனும் இரவு உண்ணவேண்டும் என்பதை அந்தத் தோட்டக்காரன் அறிந்திருந்தான்.

வியர்வை உலரும் முன்னரே கூலி கைக்குச் சேரவேண்டும் என்ற கருத்து முஸ்லிம்களும் நபிமொழியாகப் போற்றி வருவது. ஆகவே வளைகுடாவிலே ஒரு கிறிஸ்தவ முதலாளியும் ஒரு முஸ்லிம் முதலாளியும் சம்பள நாளன்று ஒரே கட்டளைக்குக் கீழேதான் நிற்கின்றனர். அரசும் 2009 இலே சம்பளப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது: சம்பளம் வங்கியூடாகவே செல்லவேண்டும், பிந்தினால் அமைச்சுக்குத் தெரிந்துவிடும். கோடையில், ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை, மதியம் 12.30 இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்ற விதி 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் 12.20 க்கு ஒருவனுக்குத் தலை சுற்றினால் அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன செய்வதென்று விதியிலே எழுதப்படவில்லை. அது மேற்பார்வையாளனின் மனத்தைப் பொறுத்தது. மேற்பார்வையாளன் பெரும்பாலும் எம்மவனாகவே இருக்கிறான்.

இவ்விடத்தில் என்னுடைய பாடத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. எமது மலையகத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 1854 இலே தோட்டத் தொழிலாளருக்கென 'தமிழ்க் கூலி மிஷன்' கண்டியிலே தொடங்கப்பட்டது. அங்கிலிக்கன் திருச்சபையின் மிஷன் சங்கம் நடத்தியது; கோப்பித் தோட்டத் துரைமார் அதற்குப் பணம் கொடுத்தனர். உபதேசிமார் லயம் லயமாகச் சென்று தமிழிலே போதித்தனர். அதே காலத்தில் அதே தோட்டங்களிற் கூலி மாதக்கணக்கிற் பிந்தியது. தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டான். கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது; போவதற்குத் துரையிடமிருந்து 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டிலே அவன் பட்ட கடன் எழுதப்பட்டிருக்கும். புதிய துரை கடனைக் கட்டினால் ஆளைப் பெற்றுக்கொள்ளலாம். இம்முறை 1921 வரை நீடித்தது.

துண்டும் கடவுச்சீட்டும் ஒரு சிறு கடதாசியின் இரண்டு அவதாரங்கள். வளைகுடாவின் கஃபாலா முறையில், முதலாளியின் சம்மதக் கடிதமின்றி வேறு வேலைக்கு மாறமுடியாதிருந்த காலத்தில், மலையகத்து மூதாட்டி எவரிடமாவது அதை விளக்கியிருந்தால் அவர் உடனே புரிந்துகொண்டிருப்பார். மிஷனுக்குச் சந்தா கொடுத்த துரைமார் எல்லோரும் பாசாங்குக்காரர் என்று நான் சொல்லவில்லை. உளமாரக் கொடுத்தவர் பலர் இருந்திருப்பர். கூலியாளின் ஆன்மாவைப் பற்றிக் கவலைப்பட்ட அதே மனிதருக்கு, அவனுடைய துண்டு தமது மேசை இழுப்பறைக்குள் இருப்பது கண்ணிற் படவில்லை. நற்செய்தி தாராளமாக ஒலித்த இடம் அது.

உலகப் புகழ் பெற்ற கிறிஸ்தவ முதலாளிமாருக்கும் இக்குருடு இருந்ததுண்டு. இங்கிலாந்தின் கட்பரி குடும்பத்தினர் குவேக்கர்கள். 1879 இலே பேர்மிங்காமுக்கு வெளியே போர்ன்வில்லிலே தொழிற்சாலை அமைத்து, பின்னர் வீடும் தோட்டமும் விளையாட்டுத் திடலுமாக ஓர் ஊரையே உருவாக்கினர். ஆனால் அவர்கள் வாங்கிய கொக்கோவின் ஒரு பகுதி சாவோ தோமே தீவிலே அடிமைகளை ஒத்த தொழிலாளர் விளைவித்தது என்ற செய்தி 1901 அளவில் அவர்களின் காதுக்கு எட்டியது. விசாரித்தனர்; ஆள் அனுப்பினர்; அரசுகளோடு கடிதம் எழுதினர். கொள்வனவை நிறுத்தியது 1909 இல். கண்முன்னே நின்ற தொழிலாளிக்கு உடனே கிடைத்தது, கடலுக்கப்பால் நின்றவனுக்கு எட்டு ஆண்டு பிந்தியது.

கடல் என்றதும் இன்னொரு காட்சி நினைவுக்கு வருகிறது. வளைகுடாவின் கரையோரங்களிலே, நகரத்து விளக்குகள் தெரியும் தூரத்தில், சொந்தக்காரரால் கைவிடப்பட்ட கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பதுண்டு. முதலாளி நொடிந்துபோவான், சம்பளம் நின்றுவிடும், எண்ணெயும் குடிநீரும் தீர்ந்துவிடும். மாலுமிகள் இறங்கிப்போகலாமே என்று கேட்கத் தோன்றும். இறங்க மாட்டார்கள். அவர்களுக்குரிய சம்பளத்துக்கு அந்தக் கப்பல்தான் பிணை. அதை விட்டு நீங்கினால் வரவேண்டிய பணத்தையும் விட்டு நீங்குவதாகிவிடும் என்று அஞ்சுவர். தமிழர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட கப்பலொன்று இவ்வாறு ஒன்றரை ஆண்டுக்கு மேலாகச் சிக்கிக் கிடந்து, 2019 ஜூனிலேதான் அதன் மாலுமிகள் விடுதலை பெற்றனர். 'ஐபா' என்ற எண்ணெய்க் கப்பலில் இந்தியரும் பாகிஸ்தானியரும் மியன்மார்க்காரருமாக ஐவர் இருந்தனர். ஆண்டுக்கணக்காகச் சம்பளம் இல்லை. 2021 ஜனவரியிலே நங்கூரம் அறுந்து, கப்பல் உம் அல் குவைன் கடற்கரையிலே, குளிப்பவர்களின் கண்முன்னே வந்து தரைதட்டியது.

இத்தகையோருக்கு உணவும் தண்ணீரும் கொண்டுசெல்பவர்களிற் கடலோடிகளுக்கான மிஷன் முக்கியமானது. 1856 இலே இங்கிலாந்திலே தொடங்கிய அங்கிலிக்கன் அமைப்பு அது. புஜைராவுக்கு வெளியே நங்கூரமிடும் கப்பல்களுக்குச் செல்வதற்கென 'பறக்கும் தேவதூதன்' என்ற படகையும் 2007 இலிருந்து இயக்கி வந்தது. அரிசிப் பைகளுடன் அதன் பணி முடிந்துவிடவில்லை. 'ஐபா' மாலுமிகளுக்காகக் கப்பற்காரருடன் பேரம் பேசியவர்களுள் அதன் குருவானவரும் ஒருவர். முடிவில் அந்த ஐவரும் தமக்குரிய தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தே ஊர் போய்ச் சேர்ந்தனர். முழுக் கூலியும் கிடைக்கவில்லை என்பதை மறைக்கலாகாது. ஆயினும் ஒரு குருவானவர் செபமாலையையோ பிரசங்கத்தையோ அன்றி, நிலுவைச் சம்பளப் பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குச் சென்றமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் அந்த மாலுமிகளின் மதம் என்னவென்று கேட்டிருக்க மாட்டார்.

வளைகுடாவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு எமது முற்றத்தை மறந்துவிட்டால் வாசகர்கள் சிரிப்பார்கள். பாரிஸில் எனது முதல் உத்தியோகம் கோப்பை கழுவுவது. தஞ்சக் கோரிக்கை விசாரணையில் இருந்தது. வேலை செய்யும் அனுமதி கிடையாது. கடைக்காரர் எம்மவர், பக்திமான். எந்தச் சமயத்தவர் என்பது இங்கே அவசியமில்லை. "விசா கிடைச்சதும் மொத்தமாய்த் தாறன் தம்பி, இப்ப உமக்கு வங்கிக் கணக்கும் இல்லைத்தானே" என்றார். நான்கு மாதம் அப்படியே போயிற்று. ஊரிலே விரிவுரை மண்டபத்தில் உபரி உழைப்புப் பற்றி மணிக்கணக்கிற் பேசியவன், ஒரு வார்த்தையும் பேசாமற் சட்டிகளைத் தேய்த்தேன். கேட்டால் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடுவார் என்ற பயம். இறுதியில் எனக்காகக் கேட்டவர் அங்கே சமைத்த அல்ஜீரியர். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வாடிக்கையாளர் நிறைந்திருந்த வேளையில், அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மாதச் சம்பளம் அன்றிரவே வந்தது. மற்ற இரண்டும் இன்றுவரை வரவில்லை.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்னது எளிது: சட்டப்படி அது தவறு, பாவமா என்பதை நீரே தீர்மானியும், ஆனாற் சாவி உம்முடைய கையில் இருக்கும்வரை உமக்கும் அதிலே பங்குண்டு. இதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்த பின் எனக்கு உறக்கம் வரவில்லை. அவளுடைய வதிவிட அனுமதியும் அதே முதலாளியின் கையொப்பத்திலேதான் தங்கியிருக்கிறது. பாரிஸிலிருந்து துணிவு போதிப்பது சுலபம்.

ஆறு வாரம் கழித்து அழைத்தாள். நேபாளத் தொழிலாளி ஒருவனுடைய தாய் இறந்துவிட்ட செய்தி ஒரு மாலையில் வந்ததாம். முதலாளி வெளிநாட்டில், தொலைபேசியிற் பிடிக்க முடியவில்லை. அவள் பெட்டகத்தைத் திறந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனிடம் கடவுச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். முதலாளி திரும்பி வந்ததும் தானே முந்திக்கொண்டு சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "நானும் அதைத்தான் செய்திருப்பன்" என்றாராம். அவர் அப்படிச் சொன்னதனால் அவளுக்கு அடுத்த வார்த்தைக்குத் துணிவு வந்தது: அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம் என்று அறிவித்தபோது வாங்க வந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. மற்றவர்கள், அங்கேயே இருக்கட்டும் அக்கா, முகாமிலே பூட்டு இல்லை என்றனர். முதலாளி கூறிய காரணம் முழுப் பொய்யன்று என்பது அப்போது அவளுக்கே விளங்கியது. உடனே அவள் இன்னொரு கணக்குப் போட்டாள்: ஆளுக்கொன்றாக 43 சிறு இரும்புப் பெட்டிகள், கட்டிலின் காலோடு சங்கிலியிற் பிணைப்பதற்கு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. மூன்று கடைகளில் விலை விசாரித்து, மிகக் குறைந்ததை மேலே எழுதி, முதலாளியின் மேசையில் வைத்தாள். அந்த ஆண்டு நத்தார்ப் பொதிகளுக்கு ஒதுக்கிய தொகையைவிடச் சற்று அதிகம்.

பொதிக்குப் பதிலாகப் பெட்டி கொடுக்கலாமோ என்று யோசிப்பதாகச் சொன்னாராம். தொழிலாளர் பொதியை எதிர்பார்த்திருப்பார்களே என்ற கவலையும் அவருக்கு உண்டாம். கடைசியாக அவளுடன் பேசியபோது பெட்டிகள் இன்னும் வரவில்லை. 34 கடவுச்சீட்டுகள் அவளுடைய மேசைக்குப் பின்னாலேயே இருக்கின்றன; பெட்டகத்தைப் பூட்டுவதில்லை என்றாள்.